அல்லது அதற்கு இணையானது

ஜன்னலைத் திறந்தால் காற்று வரும் என்று மணிமொழி இருபது வருடங்களாக நம்பித் தொழில் செய்துவந்தாள். அவள் கட்டிடக் கலைஞர். மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே அலுவலகம் வைத்திருந்தாள். ஊரே அண்ணாந்து பார்க்கிற கட்டிடம் எதையும் அவள் கட்டியதில்லை. மின்சாரம் போனாலும் அவள் கட்டிய வீட்டில் மனிதர்கள் தூங்கலாம் என்று ஒரு பெயர் இருந்தது, அவ்வளவுதான். அந்த நம்பிக்கையில் பெரிய குறைபாடு இருக்கிறது என்பது பசுமைக் கட்டுமானப் பேரவை வந்த பிறகுதான் அவளுக்குத் தெரியவந்தது.

பேரவை வந்ததற்கு ஒரு நியாயம் உண்டு. பூமி சூடாகிக்கொண்டு போகிறது. அதற்குக் கட்டிடங்களும் ஒரு காரணம். கட்டிடங்களுக்குக் கட்டிடக் கலைஞர்கள் காரணம். ஆகவே அவர்களை உட்காரவைத்துப் பாடம் எடுக்க வேண்டும். இதுவரைக்கும் யாரும் மறுக்க முடியாது. பாடத்தை யார் எடுப்பது என்ற கேள்வி வந்தபோது, சுவர்ப் பலகை விற்கிறவர்களும் பெயிண்ட் விற்கிறவர்களும் கண்ணாடி விற்கிறவர்களும் ஒரே நேரத்தில் கைதூக்கினார்கள். பொதுநலத்தில் அவர்களுக்கு இருந்த அவசரத்தைக் கண்டு நெகிழ்ந்துபோய்ப் பேரவையை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டார்கள். அதன் பிறகு, பேரவையின் பயிற்சிப் புள்ளிகள் இல்லாதவர்கள் எந்தக் கட்டிடத்தின் நிறைவுச் சான்றிதழிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று விதி வந்தது. சான்றிதழ் இல்லாத கட்டிடத்தைத் திறக்க முடியாது. திறந்தால் வந்து பூட்டுவார்கள்.

அப்போது மணிமொழியின் கையில் முடிந்து நின்ற கட்டிடம் ஒன்றே ஒன்று. பட்டினப்பாக்கத்துக் கடலோரக் குப்பம் ஒன்றில், மீன் விற்கிற பெண்களின் சங்கம் தங்கள் பிள்ளைகளுக்காகக் கட்டிய காப்பகம். அதுவரை பிள்ளைகளை ஒரு தகரக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் அவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு மந்தவெளிக்கும் அடையாற்றுக்கும் போவார்கள். போன கத்திரி வெயிலில், சங்கச் செயலாளர் ஜாஸ்மினின் மகள் செலின் அந்தக் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்தபோதே கைகால் வெட்டி வெட்டி இழுத்து நினைவு தப்பிப்போனாள். மூன்று வயதுக் குழந்தை. ஆட்டோவில் ஈரத் துணியைச் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்கவைத்தார்கள். பிழைத்தாளே தவிர, அதன் பிறகு வெயில் ஏறினால் அம்மாவின் புடவையை விடமாட்டாள்.

மணிமொழி அந்தக் கொட்டகையில் ஒரு மத்தியானம் பிள்ளைகளோடு தரையில் படுத்துப் பார்த்தாள். மேடம் படுத்திருப்பதைப் பார்த்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெரியவர்கள் நிற்கிற உயரத்துக்கு ஜன்னல் வைக்கிறோம், பிள்ளைகள் படுத்திருப்பது தரையில் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆகவே காப்பகத்தின் கிழக்குச் சுவரில், கடலைப் பார்த்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வரிசையாக ஜன்னல்கள் வைத்தாள். சூடான காற்று வெளியேற மேற்குச் சுவரில் கூரைக்குக் கீழே திறப்புகள் விட்டாள். மத்தியானம் கடல் காற்று திரும்பியதும் அது தரையோடு தவழ்ந்து உள்ளே வந்து, மேலேறி அந்தப் பக்கம் போய்விடும். கட்டி முடித்த அன்று செலின் போய் ஜன்னலோரத்தில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள்.

"வர்ற கத்திரிக்குள்ள தொறந்துடுவீங்க இல்ல மேடம்?" என்று ஜாஸ்மின் கேட்டாள்.

திறந்துவிடலாம் என்று மணிமொழி சொன்னாள். ஒரு கையெழுத்துதானே பாக்கி என்று நினைத்துத்தான் சொன்னாள்.

பயிற்சி தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் இருக்கிற ஓட்டல் ஒன்றின் நிலவறைக் கூடத்தில் நடந்தது. கூடத்துக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. மேடைக்குப் பின்னால் 'காற்றோடு வாழ்வோம்' என்று நீளமான ஃபிளெக்ஸ் பேனர். உள்ளே ஏசி போட்டிருந்த போட்டில் பற்கள் தந்தியடித்தன. அதை முன்கூட்டியே யோசித்து, பழைய தண்ணீர் பாட்டில்களை உருக்கி நூலாக்கி நெய்த பச்சைச் சால்வை ஒன்றை ஒவ்வொருவருக்கும் கொடுத்தார்கள். அந்தச் சால்வை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. பக்கத்திலேயே, அடுத்த வருடச் சால்வைக்காக, ஒரு தண்ணீர் பாட்டிலும் இருந்தது.

வாசலில் ஒரு பெண் கேமராவை வைத்துக்கொண்டு முகத்தைப் பதிவு செய்தாள். புகைப்படத்தில் எப்படிச் சிரிக்கிறோமோ அப்படியேதான் ஒவ்வொரு பதிவிலும் சிரிக்க வேண்டும், இல்லையென்றால் இயந்திரம் அடையாளம் காணாது, பாயிண்ட் ஏறாது என்று அவள் பணிவாக விளக்கினாள். மணிமொழி சிரித்தாள். இரண்டாவது தடவைதான் இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

பக்கத்து நாற்காலியில் சாய்நாத் இருந்தான். கல்லூரியில் அவளோடு படித்தவன். இந்தப் பயிற்சிகளில் ஊறிப்போனவன், இரண்டு சால்வை வாங்கிப் போர்த்திக்கொண்டிருந்தான். கேள்வி எதுவும் கேட்காதே, சாப்பாடு நன்றாக இருக்கும், சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்று அவளுக்கு நல்ல புத்தி சொன்னான்.

முதலில் எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தார்கள். இனி விடும் ஒவ்வொரு மூச்சிலும் பூமியை நினைப்பேன் என்று வலது கையை நீட்டிச் சொன்னார்கள். பிறகு குத்துவிளக்கு. எண்ணெயும் திரியும் புகை விடும் என்பதால், அது பேட்டரியில் எரியும் குத்துவிளக்கு. பேரவைத் தலைவர் ரகுபதி அதன் அடியிலிருந்த பொத்தானை ஒரு மெழுகுவர்த்தியால் தொட்டார். மெழுகுவர்த்தியும் பேட்டரிதான். விளக்கு எரியவில்லை. ஓட்டல் பணியாளர் ஒருவர் வந்து விரலால் அமுக்கினார், எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ரகுபதி ஆறடி உயரம், வெள்ளை லினன் சட்டை, கழுத்தில் மரத்தால் செய்த அடையாள அட்டை. அவர் உரை உணர்ச்சிமயமாக இருந்தது.

"நேத்து டெல்லியில பசுமை மாநாடு. அதுல பேசிட்டுக் காலைல ஃபிளைட்ல வந்தேன். சாயங்காலம் பெங்களூர்ல பேசணும், அதுக்கும் ஃபிளைட். எப்பவும் நான் ஜன்னல் சீட்தான் கேப்பேன். மேலேர்ந்து பாக்கும்போது பூமி அவ்வளவு அழகா இருக்கு. இதக் காப்பாத்தணும்னு எனக்கு அங்கதான் தோணுது. கீழ எறங்கினா அந்த அளவுக்குத் தோணறதில்ல. அதனாலதான் நான் அதிகமாப் பறக்க வேண்டியிருக்கு."

கூடம் நெகிழ்ந்துபோனது. சாய்நாத் சால்வையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

அடுத்து வந்தவர் பிரசாத். பேரவையின் பயிற்சித் துறைத் தலைவரும் அவர்தான், 'சுவாசா' பலகைக் கம்பெனியின் விற்பனைத் துறைத் தலைவரும் அவர்தான். காலையில் முன்னவராகவும் மத்தியானம் பின்னவராகவும் பேசப்போவதாகச் சொன்னார், மாறப்போவது கோட்டு மட்டும்தான். சுவாசா என்பது சுவரில் பொருத்தும் பலகை. உள்ளே சின்னச் சின்ன விசிறிகள், வடிகட்டி, ஒரு சில்லு. வெளிக்காற்றை இழுத்து, சுத்தம் செய்து, அளந்து, உள்ளே விடும். இதைச் சுவர் என்று சொல்லாதீர்கள், நுரையீரல் என்று சொல்லுங்கள் என்று பிரசாத் கேட்டுக்கொண்டார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

மாதிரிப் பலகை ஒன்றைச் சுற்றுக்கு விட்டார்கள். கட்டிடக் கலைஞர் கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார், தேங்காய் வாங்குகிறவர் மாதிரி. தட்டி என்ன தெரிந்தது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அன்றும் கூடம் முழுக்க டொக்கு டொக்கென்று தட்டல் நடந்து, ஒவ்வொருவரும் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். மணிமொழியும் தட்டினாள், தலையை ஆட்டினாள். அப்புறம் வாய் சும்மா இருக்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தால் இதே வேலை நடக்காதா என்று கேட்டுவிட்டாள்.

பிரசாத் திரும்பித் தலைவரைப் பார்த்தார். ரகுபதி பெருந்தன்மையோடு எழுந்து வந்தார்.

"நல்ல கேள்வி மேடம். எல்லாருக்கும் ஆரம்பத்துல வர்ற கேள்விதான். ஜன்னலுக்குத் தயாரிப்பாளர் யாரு? உத்தரவாதம் எத்தனை வருஷம்? இன்னிக்கு ஜன்னல் வழியாக் காத்து வரலேன்னு வெச்சுக்குங்க, யாருக்கு ஃபோன் பண்ணுவீங்க? சுவாசாவுல காத்து வரலேன்னா ஒரு நம்பர் இருக்கு. யாராவது எடுப்பாங்க. இலவசமா வர்ற காத்துக்கு யாரும் பொறுப்பில்ல மேடம். பொறுப்பில்லாத காத்த நம்பி நாம கொழந்தைங்களப் படுக்கவெக்க முடியுமா?"

குழந்தைகளைப் பற்றி அவரிடம் அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவர் பொதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் மணிமொழிக்குச் செலின் ஞாபகம் வந்தது. உட்கார்ந்துவிட்டாள். உன்னை என்ன சொன்னேன் என்பதுபோல் சாய்நாத் பார்த்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு ஓய்ந்தது. மேடையில் ஓடவிட்டிருந்த சுவாசா பலகையின் விசிறிகளும் இருட்டில் நின்றுபோயின. கொஞ்ச நேரத்தில் நிலவறை வேகத் தொடங்கியது. முதலில் சால்வைகள் போயின, பிறகு கோட்டுகள், பிறகு கட்டுப்பாடு. ஒருவர் பின் ஒருவராகப் படியேறி, ஓட்டலின் பின்பக்கம் வண்டிகள் நிறுத்துகிற இடத்துக்கு வந்துவிட்டார்கள். அங்கே கிளை விரித்து ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. அடியில் நல்ல நிழல், நல்ல காற்று. காலையிலிருந்து ஒருவரோடு ஒருவர் பேசாதவர்கள் பேசத் தொடங்கினார்கள். வேளச்சேரிக்காரர் ஒருவர், மழைக்குத் தண்ணீர் புகாமல் தரைத்தளத்தை எப்படித் தூக்கினார் என்று கைவிரலால் கார் கண்ணாடித் தூசியில் வரைந்து காட்டினார். சுற்றி நின்று எல்லோரும் கேட்டார்கள். பிரசாத்கூட டையைத் தளர்த்திக்கொண்டு, அப்பாடா, என்ன காத்து என்றார். அன்றைக்கு உருப்படியாக நடந்த பாடம் அது ஒன்றுதான்.

ரகுபதி மேலே வந்து பார்த்துவிட்டு வருத்தப்பட்டார். மரம் பேரவையால் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி இடம் அல்ல, இங்கே கழிகிற நேரத்துக்குப் புள்ளி கிடையாது, வேண்டுமென்றால் கூடத்துக்குத் திரும்பிவிடலாம் என்று நினைவூட்டினார். யாரையும் அவர் வற்புறுத்தவில்லை. எல்லோரும் தாங்களாகவே இறங்கிப் போனார்கள். கைபேசி வெளிச்சத்தில், வேர்வை சொட்டச் சொட்ட, 'வெப்பத்தில் வசதி' என்ற பாடத்தைக் கேட்டு முடித்தார்கள். சாயங்காலம் வாசலில் முகத்தைத் துடைத்துக்கொண்டு காலையில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார்கள். மணிமொழியும் சிரித்தாள். அவமானமாகத்தான் இருந்தது. செலினை நினைத்துக்கொண்டு சிரித்தாள்.

புள்ளிகள் ஏறியதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. பயிற்சி பெற்றவர் தன் கட்டிடம் ஒன்றைப் பேரவையின் முன் வைத்து, பயிற்சியின் பயனை நிரூபிக்க வேண்டும். அதற்கு அடையாறு காந்தி நகரில் இருக்கிற பேரவை அலுவலகத்துக்குப் போனாள். அழகான பழைய பங்களா. சுற்றிலும் மாமரங்கள். எல்லா ஜன்னல்களையும் அடைத்து, அவற்றின் மேல் மரங்களின் படம் ஒட்டியிருந்தார்கள்.

அவள் கட்டிடத்தைப் பரிசீலிக்க நியமிக்கப்பட்டவர் நெடுஞ்செழியன். இளைஞர், நல்லவர், கணினி கேட்பதை மட்டும் கேட்பவர். பூமியைக் காக்கும் வேலை கிடைத்ததில் அவருக்கு உண்மையிலேயே பெருமை இருந்தது. அவள் கொண்டுபோன வரைபடங்களைத் திருப்பிப் பார்த்து, ரொம்ப அழகாக இருக்கிறது என்று மனதாரச் சொன்னார். பிறகு கணினியைத் திறந்தார்.

"காத்தோட தயாரிப்பாளர் யாரு மேடம்?"

"கடல்லேர்ந்து வருது சார்."

"பேரு?"

"வங்காள விரிகுடா."

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. எழுத்துப் பிழை வராமல் அடித்துத் தேடினார். உறுப்பினர் பட்டியலில் அப்படி யாரும் இல்லை என்று வருத்தத்தோடு சொன்னார். அங்கீகாரத்துக்கு ஒரு விண்ணப்பம் போடச் சொல்லுங்களேன், பெரிய நிறுவனம் என்றால் சீக்கிரம் கிடைத்துவிடும் என்று ஆலோசனையும் சொன்னார். கடலால் விண்ணப்பம் போட முடியாது என்று மணிமொழி சொன்னபோது, அதை அவர் ஒரு குறையாகக் குறித்துக்கொண்டார். அங்கீகரிக்கப்பட்ட பொருள் ஒன்றின் பெயராவது இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தைக் கணினி தாண்டாது. கணினி தாண்டாவிட்டால் கையெழுத்து இல்லை.

மாசி முடிந்து பங்குனி பிறந்திருந்தது. வெளியே வெயில் பல்லைக் காட்டத் தொடங்கியாயிற்று. மணிமொழி பேனாவை எடுத்து, காகிதத்தில் 'சுவாசா பலகை' என்று எழுதினாள். கை அதோடு நிற்கவில்லை. கட்டிடக் கலைஞர்கள் எந்தப் பொருளின் பெயரை எழுதினாலும் பின்னால் ஒரு வால் சேர்த்துத்தான் எழுதுவார்கள். சிமெண்ட் பெயர் எழுதினாலும், குழாய் பெயர் எழுதினாலும், 'அல்லது அதற்கு இணையானது' என்று முடிப்பார்கள். எழுதின சரக்கு கடையில் கிடைக்காமல் போனால் வேலை நிற்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். இருபது வருடங்களாக எழுதி எழுதி, விரல்களுக்கு அது பழகிப்போயிருந்தது. சுவாசா பலகை, அல்லது அதற்கு இணையானது என்று எழுதிவிட்டாள்.

எழுதியதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறி தட்டியது. இணையானது எது என்று நெடுஞ்செழியன் கேட்டார். ஜன்னல் என்றாள்.

இந்த விஷயம் நெடுஞ்செழியனுக்கு மேற்பட்டது. மாடியிலிருந்து ரகுபதி இறங்கி வந்தார். வால் சேர்ப்பது எல்லோருக்கும் உள்ள வழக்கம், பேரவையின் சொந்த அலுவலகமே அந்த வாலோடுதான் புதுப்பிக்கப்பட்டது என்பதால் அதை வெட்டச் சொல்ல அவரால் முடியவில்லை. கோபப்படவில்லை.

"சரி மேடம், பேரவை எதுக்கும் எதிரி இல்ல. உங்க ஜன்னல் சுவாசாவுக்கு எல்லா வகையிலயும் இணைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. இணைன்னா இணைதானே? கூடவும் இல்ல, கொறைவும் இல்ல?"

"இல்ல" என்று மணிமொழி சொன்னாள். எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், முத்திரை வைத்தாள். என் ஜன்னலை உன் பலகையோடு சரிக்குச் சரி நிறுத்திவிட்டேன் பார் என்ற பெருமை அவளுக்கு இருந்தது, அதை மறைப்பானேன். வெளியே வந்து ஜாஸ்மினுக்கு ஃபோன் செய்து சான்றிதழ் வந்துவிடும் என்றாள். அந்தப் பக்கம் மீன் சந்தை இரைச்சலுக்கு நடுவில் ஜாஸ்மின் யார் யாரையோ கூப்பிட்டுச் சொல்வது கேட்டது. நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். கையெழுத்துப் போடக் கற்ற நுணலுக்கு வாய்கூட வேண்டியதில்லை.

குருத்து ஞாயிறு அன்று குப்பமே குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு கோயில் பவனிக்குப் போயிருந்தது. பவனி முடிந்து திரும்பியபோது காப்பகத்தின் வாசலில் சுவாசா கம்பெனி வண்டி நின்றது. கிழக்குச் சுவரின் ஜன்னல்களையெல்லாம் பெயர்த்து அடுக்கிவிட்டு, அந்த இடங்களில் பலகை பொருத்தி முடித்திருந்தார்கள். மேற்கே கூரைக்கடியில் இருந்த திறப்புகளையும் அடைத்தாயிற்று. குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கம்பெனியின் அன்பளிப்பு என்றார்கள். யாரிடம் கேட்டுச் செய்தீர்கள் என்று ஜாஸ்மின் சண்டை பிடித்தாள். மாற்றம் எதுவும் செய்யவில்லையே, உங்கள் கட்டிடக் கலைஞரே இரண்டும் ஒன்றுதான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாரே என்று கைபேசியில் அந்தக் கடிதத்தைக் காட்டினார்கள்.

மணிமொழி மறுநாள் காலையிலேயே காந்தி நகருக்கு ஓடினாள். கும்பிட்டுக் கேட்டாள் என்றே சொல்ல வேண்டும். இணையானதை எடுத்துவிட்டு இணையானதை வைப்பது மாற்றம் ஆகாது என்றால், பலகையை எடுத்துவிட்டு ஜன்னலைத் திருப்பி வைப்பதும் மாற்றம் ஆகாதே என்று வாதாடினாள். ரகுபதி அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"நீங்க எழுதினதத் திரும்பப் படிச்சுப் பாருங்க மேடம். உங்க ஜன்னல் எங்க பேனலுக்கு இணைன்னு எழுதியிருக்கீங்க. எங்க பேனல் உங்க ஜன்னலுக்கு இணைன்னு எங்கயும் எழுதலியே. எங்க பேனலுக்கு இணையா எதுவும் கெடையாது, அது எங்க விளம்பரத்துலயே இருக்கு. பேனலக் கழட்டினா சான்றிதழ் செல்லாது. பூட்டுப் போடுவாங்க. அதுல எனக்கு என்ன சந்தோஷம் சொல்லுங்க."

அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம் இருக்காது என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் மணிமொழியை அதிகமாகப் பயமுறுத்தியது.

திறப்பு விழா சித்திரை பிறந்ததும் நடந்தது. பலகைகள் மூச்சுவிட மும்முனை மின்சாரம் வேண்டும். அதற்கு எழுதிப் போட்டிருக்கிறது, இன்னும் வரவில்லை. ஆகவே அன்றைக்கு நுரையீரல்கள் எல்லாம் சும்மா சுவரில் மாட்டியிருந்தன. உள்ளே பெண்களும் பிள்ளைகளும் பேரவைக்காரர்களும் நெருக்கியடித்து நின்றார்கள். பேட்டரி குத்துவிளக்கு வந்திருந்தது, இந்தத் தடவை உடனே எரிந்தது. காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இருப்பதுதான் சிறந்த வடிவமைப்பு என்று ரகுபதி பேசினார். தெரியவில்லை என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் லினன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது, பிறகு ஒவ்வொன்றாக எல்லாமும் அழுதன. செலின் அம்மாவின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு முகத்தைப் புடவைக்குள் புதைத்துக்கொண்டாள்.

அழுகிற பிள்ளைகளைப் படம் எடுக்க முடியாது என்று புகைப்படக்காரர் சொன்னதால் எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, சுவரோரம் நிழலில் உட்காரவைத்து எடுத்தார்கள். வெளியே வந்ததும் பிள்ளைகள் சிரித்தன. அந்தப் படம்தான் இப்போது பேரவையின் எல்லாப் பேனர்களிலும் இருக்கிறது. மூச்சுவிடும் சுவர், மலரும் முகங்கள் என்று கீழே போட்டிருப்பார்கள்.

வண்டிகள் போன பிறகு ஜாஸ்மின் மணிமொழியிடம் வந்தாள். சத்தம் போடவில்லை.

"ஜன்னலும் இந்தப் பலகயும் ஒண்ணுதான்னு நீங்களா மேடம் எழுதிக் குடுத்தீங்க?"

"ஆமா ஜாஸ்மின். தொறக்கணும்னுதான் எழுதினேன்."

ஜாஸ்மின் சுவரைப் பார்த்தாள். "சரி, தொறந்தாச்சு" என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் மணிமொழிக்குத் தாங்கியிருக்கும்.

அதன் பிறகு அவள் குப்பத்துப் பக்கம் போகவில்லை, போகத் துணிச்சல் வரவில்லை. கத்திரி பிறந்து வெயில் கொளுத்துகிறபோது, மாட வீதி அலுவலகத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஒருநாள் மத்தியானம் பொறுக்க முடியாமல் கிளம்பிவிட்டாள். வண்டியின் முன்பக்கம் ஒரு கடப்பாரையும் வைத்துக்கொண்டாள். பூட்டுப் போட்டால் போடட்டும், லைசென்ஸ் போனால் போகட்டும், கிழக்குச் சுவரைத் தன் கையாலேயே திறந்துவிடுவது என்று முடிவு.

காப்பகத்துக்குள் யாரும் இல்லை. கதவு திறந்திருந்தது, உள்ளே அனல். கடப்பாரையோடு அவள் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் வந்தாள். சுவரை ஒட்டிப் பழைய படுதாக்களை விரித்து, பிள்ளைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஜாஸ்மின் உட்கார்ந்து வலையின் சிக்கைப் பிரித்துக்கொண்டிருந்தாள். செலின் அவள் மடியில் இல்லை. மற்ற பிள்ளைகளுக்கு நடுவே மல்லாந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். கடல் காற்று திரும்பியிருந்தது. பிள்ளைகளின் மேல் ஏறி, ஜன்னல்கள் இருந்த இடம் வரைக்கும் வந்து, பலகையில் முட்டித் திரும்பியது.

கடப்பாரையைப் பார்த்ததும் ஜாஸ்மினுக்குப் புரிந்துவிட்டது.

"வாணாம் மேடம். வந்து பூட்டிக்கினு பூடுவாங்க. உள்ள கொழா கீது, கக்கூசு கீது. மழை பேஞ்சா ஒண்டிக்கலாம். அதுவும் இல்லாம பூடும்."

மணிமொழிக்கு அழுகை வந்துவிட்டது. கடப்பாரையை மணலில் போட்டுவிட்டு, தான் கட்டிய சுவரில் முதுகைச் சாய்த்து, பிள்ளைகளின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். ஜாஸ்மின் தூக்குவாளியிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு தேற்றுகிற மாதிரி, மனதாரச் சொன்னாள்.

"அதையே நெனச்சிக்கினு இருக்காதீங்க மேடம். கட்டடம் நல்லாத்தான் கட்டிக் குடுத்துக்கிறீங்க. மத்தியானத்துக்கு மேல கெழக்கால இன்னா நெழலு வுழுது பாருங்க."